சுவார்ட்ஸ் ஐயர்

தஞ்சையிற் சிவகங்கைக் குளத்தை அடுத்துள்ள தேவாலயத்தினுள்ளே வெண்சலவைக் கல்லிற் செதுக்கிய சிற்பமொன்று உளது. மரணப்படுக்கையிற் கிடக்கும் முதியவர் ஒருவருடைய கையைப் பற்றிக்கொண்டு இளைஞர் ஒருவர் அருகில் நிற்கின்றார். நிற்பவர் தஞ்சை மராட்டிய மரபினராகிய சரபோசி மன்னர்; கிடப்பவர் செருமானியப் பாதிரியாராகிய கிறித்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். தம் குலதருமத்தைக் கைவிடாத அரசர் ஒருவர், வேற்று நாட்டினரும் வேற்றுச் சமயத்தினருமாகிய ஒருவர்க்கு இங்ஙனம் கல்லெடுக்க நேர்ந்த காரணம் யாதென அன்பர்கள் வினவுதல் கூடும். அதனை இங்கே ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

சுவார்ட்ஸ் ஐயர் 1726-ஆம் ஆண்டு பிரசியா தேயத்துச் சொன்னென்பர்க் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். அவ்வம்மை இறக்குங்கால் அம்மகவை இறைபணிக்கென்றே நேர்ந்துவிட்டனர் என்ப. ஆலே நகரத்துக் கல்லூரியிற் பயின்ற நாளில், முன்னர்த் தமிழ்நாட்டில் ஊழியம் புரிந்து மீண்டிருந்த சூல்ட்சு ஐயரிடம் தமிழெழுத்துக் கற்றார். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். நான்கு திங்களுக்குள் தமிழிற் பிரசங்கம் செய்தார். அதனினும் வியக்கத்தக்கது, அதன்பின் ஐந்தாண்டு இந்நாட்டார் போற்றும் நூல்களை அமர்ந்து படித்ததாம். ஒருவர் நெஞ்சத்துள்ளதை அறியாது அவர்க்கு உபதேசிக்கப் புகுதல் தகாதென்பது அவர் கொள்கை. தமிழ் பயிற்றும் தொழிலிற் காலங்கழித்த எம்போலியர்க்கு இஃதொன்றே அவர்பால் மதிப்பை விளைத்தற்குப் போதியதாகும்.

1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். ஆண்டுப் பழைய கட்டடமொன்றில் அவர் தங்கிய அறை, தாமும் தம் படுக்கையும் அடங்குமளவே உடையது. கறுப்புச் சாயந் தோய்த்த பருத்தித் துணியே அவருடுத்தது. சோறும் காய்கறியுமே உணவு. மணஞ்செய்துகொண்டிலர். நாடோறும் காலையில் உபதேசிமாரைக் கூட்டிச் செபித்து ஊர்தோறும் அனுப்புவார். மாலையில் அவரை மீட்டுங் கூட்டி அன்று செய்ததும் செய்யத் தவறியதும் கேட்டறிவார். பிறரை இங்ஙனம் கண்காணித்தவர் தம்மையும் அவ்வாறே நாடோறும் ஆராய்ந்தவர் என்பது அவர் கடிதங்களைப் படிப்பார்க்கு விளங்கும்.

1778-இல் தஞ்சையில் நிலையாகத் தங்கினார். மறுவாண்டு சென்னை ஆங்கில அரசினர், ஐதர் அலியின் உட்கருத்தை அறிந்து சமாதானம் பேசிவர இவரைச் சீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பினர். பாதிரியார்க்கு அரசியற்றூது ஏன் என்பது எமக்கும் ஐயமே. போரைத் தடுத்தல் புண்ணியமெனக் கருதியே அவர் உடன்பட்டார். ஐதர் அவரை நன்கு மதித்து வழிச்செலவிற்குப் பணப்பை ஒன்று ஈந்தனர். அதனை ஐயர் சென்னையிற் கொண்டுபோய் ஒப்புவித்தார். நீரே கொள்க என அரசினர் திருப்பிவிடவே, தஞ்சையில் ஆங்கில அநாதைப் பிள்ளைகட்குப் பள்ளி அமைத்தற்கு அதனை முதலாக்கினார். சமாதானமோ கைகூடவில்லை. 1780-இல் ஐதரின் படை கருநாடகத்துட் புகுந்தது. அக்கொடும்போரின் நடுவிலும் அம்முதிய பாதிரியாரைத் தடையின்றிப் போகவிடுமாறு ஐதர் தம் படைத்தலைவர்க்கு ஆணையிட்டிருந்தனர்.

போரோடு பஞ்சமும் வந்தது. வருவதை முன்னுணர்ந்த ஐயர் விலை மலிவாயிருந்தபொழுதே நெல் வாங்கிச் சேமித்திருந்தார். அதனாற் பல ஏழைகளின் உயிர் காத்தார். ஆயினும் தஞ்சைக் கோட்டையினுள்ளே உணவு அற்றுப்போயிற்று. வீரரும் குடிகளும் தெருவில் மடிந்து கிடந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. அதனைக் கொணர வண்டிமாடுகளும் இருந்தன. கொண்டுவருவார்தாம் இல்லை. முன்பு கொடுத்த நெல்லுக்கு விலை பெறாது ஏமாந்த குடியானவர்கள், அரசர் சொல்லையும் நம்பிலர். கும்பினியார் சொல்லையும் நம்பிலர். வேறு வழி காணாத அரசர் ஐயரை வேண்டினர். ஐயர், விலைக்குத் தாமே பொறுப்பென்று ஊர்களுக்கு எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டை சேர்ந்தது. வந்தவர் ஒவ்வொருவர்க்கும் சேரவேண்டியதைக் கணக்கிட்டுக் கொடுத்து வழியனுப்பினார். கருவூலமுடைய அரசர் சொல் செல்லாத இடத்தில், ஓரறையிற் சோறுண்டு கிடந்தவர் சொல் சென்றது.

பின்னும் ஒருகால், அதிகாரிகளின் கொடுமை பொறாது உழவர் பலர் நிலத்தை விட்டு அயல்நாடு சென்றுவிட்டனர். அரசர் அபயமளித்தும் மீளாதவர், ஐயர் அழைத்தவுடன் ஒரே நாளில் 7,000 பேர் மீண்டனர். உழவுக்காலம் பிந்திவிட்டதாகலின் இரவிலும் உழைத்தனர் என்பர்.

அவர் வாழ்வில் இடறிய இடமும் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் சரிதமாகாது. 1787-இல் துளசா மன்னர் மரணத்தறுவாயில் தாம் சுவீகாரங்கொண்ட பத்து வயதுப் பாலகராகிய சரபோசியை ஐயர் கையில் ஒப்புவிக்க முயன்றார். அப்பெரும்பொறுப்பிற்குத் தாம் தகுதியல்லேன் எனப் பணிவால் மறுத்து, அரசரின் தம்பி அமரசிங்கரையே காப்பாளராக்குமாறு ஐயர் கூறினார். மன்னர் இறந்தபின் நிகழ்ந்ததோ வேறு. சுவீகாரம் செல்லாதென்று பண்டிதர் சிலர் கூறினர். அதனைக் கைக்கொண்டு ஆங்கிலேயர் அமரசிங்கரையே அரியணை ஏற்றினர். பாலகர் இருளறையில் அடைபட்டார். கல்வியும் இன்றி வாடினார். பணிவென்று கருதிச் செய்தது ஒரு குழந்தையைத் துன்பத்தில் ஆழ்த்தியது. மற்றொருவராயின் இஃது அரசர் குடும்ப வழக்கென்று ஒதுங்கியிருப்பர். ஐயரோ அறுபது வயது கடந்த நிலையில் அப்பிழையைத் தம்மதாகவே கொண்டார். பலகாலும் சென்னைக்கு எழுதினார்; பாலகர்க்கு ஆசிரியர் அமைவித்தார்; 1793-இல் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று காத்தார். சுவீகாரம் நூன்முறைக்கு ஒத்ததே என்பதற்குரிய சான்றுகளைத் திரட்டி அரசினர்க்கு அனுப்பினார். அரசினர் ஆராய்ந்து உண்மையை ஒப்புக்கொள்ளப் பல்லாண்டு சென்றது.

அம்முடிவு நடைமுறைக்கு வருமுன், 1798 பிப்ரவரி 13-ஆம் நாள் ஐயர் உயிர் நீத்தார். பிணியுற்றிருந்தபோது சரபோசி வந்து கண்டு சென்றனர். அடக்கத்திற்கு முன்னரும் வந்து, முகத்தை ஒருமுறை பார்த்துக் கண்ணீர் சொரிந்து, உடலைப் பின்தொடர்ந்தனர். வழிநெடுகக் கீர்த்தனை பாடிச் செல்வதென்று உடனிருந்த பாதிரிமார் எண்ணியிருந்தனர். தெருவில் நின்ற ஏழைகளின் அழுகையாற் பாட இயலவில்லை. தம் கைப்பொருளையெல்லாம் சபைக்கும் ஏழைகட்கும் என எழுதிவைத்திருந்தார். சரபோசி அரசரானது அவ்வாண்டின் நடுவில். ஐயர் அதனைக் கண்டிலர்.