சால்ட் ரூம் சிகிச்சை: வித்திட்ட டாக்டர் யார் தெரியுமா?

சுவரெல்லாம் உப்பு, காற்றிலும் உப்புத் தூள். முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும். பெருநகர ஸ்பாக்களில் இருக்கும் ‘சால்ட் ரூம்’ இதுதான். இந்த யோசனையின் வேர் போலந்தில் இருக்கிறது.

பெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி 1804-ல் பிறந்தவர். அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த வியலிச்கா உப்புச் சுரங்கத்தின் டாக்டர். சுரங்கத் தூசு என்றாலே நுரையீரலுக்கு ஆபத்து. ஆனால், உப்புச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மூச்சுக்கோளாறு குறைவாக இருந்ததை அவர் கவனித்ததாகச் சொல்லப்படுகிறது.

1839-ல் அங்கே உப்புநீர்க் குளியல் சிகிச்சை மையம் தொடங்கினார். 1843-ல் வியலிச்கா பற்றிப் புத்தகமும் எழுதினார். 1855-ல் மறைந்தார். சுமார் 100 ஆண்டுகள் கழித்து, அதே சுரங்கத்துக்குள் ஆஸ்துமா நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கியது.

சரி, சுரங்கமும் சால்ட் ரூமும் ஒன்றா? இல்லை. சுரங்கத்தின் ஆழத்தில் மகரந்தமோ வாகனப் புகையோ இல்லை; வெப்பநிலையும் பெரிதாக மாறாது. சால்ட் ரூமில் மெஷின் உப்பை அரைத்து ஊதுகிறது, அவ்வளவுதான்.

போச்கோவ்ஸ்கி கண்டது ஒரு தடயம், நிரூபணம் அல்ல. சால்ட் ரூம் ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு இன்றும் வலுவான ஆதாரம் இல்லை. சிலருக்கு உப்புத் துகளே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ரிலாக்ஸ் பண்ணப் போகலாம். ஆனால் ஆஸ்துமா இருக்கிறவங்க முதலில் டாக்டரிடம் கேளுங்க. இன்ஹேலரை மட்டும் நிறுத்திடாதீங்க.