ஸீரோவை வரைந்தவர்

விமானங்களின் பெயர்களை நாங்கள் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்ல. காதால் அறிந்தவர்கள். அவ்ரோ, புக்காரா, சியாமாச்செட்டி, ஹெலி, கிபிர், வண்டு என்று எங்கள் வயதுப் பிள்ளைகள் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்வோம். எது வந்தால் பங்கருக்குள் ஓட வேண்டும், எது வந்தால் வேலியடியில் குந்தியிருந்தால் போதும் என்பதும் தெரியும். அவ்ரோ என்பது பிரித்தானியக் கம்பனியொன்றின் பெயர் என்பதோ, சியாமாச்செட்டி என்று நாங்கள் சொன்னது இத்தாலிய மார்ச்செட்டி என்பதோ, புக்காரா ஆர்ஜென்டினாவிலும் கிபிர் இஸ்ரேலிலும் செய்யப்பட்டவை என்பதோ அப்போது தெரியாது. அவற்றை யாரோ ஒருவர் மேசையில் குனிந்திருந்து பென்சிலால் வரைந்திருப்பார் என்று நினைத்ததேயில்லை.

ஊடகக் கற்கை முடித்து, கட்டுரைகள் எழுதிப் பிழைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. அதற்கும் காரணம் உப்புவெளிதான். நிலாவெளி வீதியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் பிரித்தானியப் படையினரின் போர்க் கல்லறை இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்த வெள்ளைக் கற்களைக் கடந்துதான் நடந்தேன். அவர்களை யார் கொன்றது என்று ஒருநாள் அம்மம்மாவிடம் கேட்டேன். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசத்தைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார்.

அது 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அம்மம்மாவுக்கு ஏழு வயது. காலை ஏழு மணி கடந்த வேளையில் கிழக்குக் கடலிலிருந்து விமானங்கள் வந்தன. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய 91 குண்டுவீச்சு விமானங்களும், அவற்றுக்குக் காவலாக 41 சண்டை விமானங்களும். துறைமுகமும் சீனன்குடா விமானத் தளமும் தாக்கப்பட்டன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் எரிந்தது. அதன் உடலை 2018இல்தான் கடற்படையினர் வெளியே எடுத்தார்கள். ஜப்பானிய விமானம் ஒன்று சீனன்குடா எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் விழுந்து, அந்தத் தீ நாட்கணக்கில் எரிந்தது. அம்மம்மாவின் குடும்பம் மாட்டுவண்டியில் குச்சவெளிப் பக்கம் போனது. பானை, பாய், ஒரு மூட்டை அரிசி. திரும்பிப் பார்த்தால் கறுப்புப் புகை. எங்கள் குடும்பத்தின் முதல் இடப்பெயர்வு அதுதான்.

குண்டு போட்ட விமானங்களைச் செய்தது நகஜிமா கம்பனி. காவலுக்கு வந்த 41 விமானங்களும் ஸீரோக்கள். அவற்றின் வடிவமைப்பு மிட்சுபிஷியுடையது. மூன்று வைரக்கல் சின்னத்தோடு திருமலையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடும் கன்டர் லொறிகளால் நாமெல்லாம் அறிந்த அதே பெயர். ஸீரோவை வரைந்தவர் ஹொரிகோஷி ஜிரோ. அவருடைய வாழ்க்கையைத் தேடித் தேடி வாசித்தேன்.

ஹொரிகோஷி 1903 ஜூன் 22இல் ஜப்பானின் குன்மா மாநிலத்தில் பிறந்தவர். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்ததும் அதே வருடம்தான். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் படித்து, 1927இல் நகோயாவிலுள்ள மிட்சுபிஷி தொழிற்சாலையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஜப்பானியக் கம்பனிகள் விமானக் கலையை வெளிநாட்டவரிடமே கற்றுக்கொண்டிருந்தன. கம்பனி அவரை ஜெர்மனியின் யுங்கர்ஸ் தொழிற்சாலைக்கும் அமெரிக்காவின் கேர்ட்டிஸ் தொழிற்சாலைக்கும் அனுப்பிப் பழக்கியது.

முதல் முயற்சி தோல்வி. அவர் தலைமையில் வரைந்த முதல் சண்டை விமானத்தில் இரண்டே இரண்டுதான் செய்யப்பட்டன; இரண்டும் விழுந்து நொறுங்கின. அடுத்ததாக 1935இல் பறந்த விமானம் கடற்படை கேட்ட வேகத்தையும் தாண்டி ஓடியது. 1937இல் சீனாவுடன் முழுப்போர் தொடங்கியபோது ஜப்பானியக் கடற்படையின் கையில் இருந்த சண்டை விமானம் அதுதான்.

அதே வருடம் கடற்படை புதிய பட்டியல் ஒன்றை நீட்டியது. வேகம் வேண்டும். வெகுதூரம் பறக்க வேண்டும். இரண்டு 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் வேண்டும். குருவிபோலத் திரும்பவும் வேண்டும். இவ்வளவும் ஒரே விமானத்தில் முடியாது என்று போட்டியிலிருந்த நகஜிமா கம்பனி விலகிக்கொண்டது. ஹொரிகோஷி விலகவில்லை. ஜப்பானில் அப்போது பலமான இயந்திரம் இல்லை. இயந்திரத்தின் பலத்தைக் கூட்ட முடியாவிட்டால் விமானத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. சுமித்தோமோ கம்பனி புதிதாகச் செய்திருந்த உறுதியான அலுமினியக் கலவையை இறக்கையின் முதுகெலும்புக்கு எடுத்தார். உள்ளேயுள்ள சட்டங்களில் துளையிட்டுத் துளையிட்டு எடையை இறக்கினார். ஒவ்வொரு ஆணிக்கும் கணக்கு வைத்தார்.

1939இல் முதல் விமானம் தயாரானது. உலகத்திலேயே நவீனமான அந்த விமானத்தைத் தொழிற்சாலையிலிருந்து பறக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது மாட்டுவண்டி! தொழிற்சாலையில் ஓடுபாதை கிடையாது. வீதிகள் குண்டும் குழியும். லொறியில் ஏற்றினால் குலுங்கி உடைந்துவிடும் என்று பயந்து, கழற்றிய பாகங்களை மாட்டுவண்டிகளில் ஏற்றி, ஏறக்குறைய 48 கிலோமீற்றர் மெதுவாக நடத்திக்கொண்டு போனார்கள். ஏப்ரல் 1இல் அது பறந்தது. இதை வாசித்தபோது குச்சவெளிக்குப் போன வண்டிதான் என் நினைவுக்கு வந்தது. விமானத்துக்கும் மாட்டுவண்டி, அதற்குப் பயந்து ஓடியவர்களுக்கும் மாட்டுவண்டி.

கடற்படை அதை ஏற்றுக்கொண்ட 1940, ஜப்பானியரின் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2600. கடைசி எண் பூச்சியம் என்பதால் அது ஸீரோ ஆனது. அந்த செப்டம்பரில் சீனாவின் சோங்சிங் நகரத்தின் மேலே நடந்த முதல் சண்டையில் சீன விமானங்கள் கூட்டமாக விழுந்தன. ஸீரோ ஒன்றுகூட விழவில்லை. குண்டுகளால் பலமுறை எரிந்த நகரம் அது. அங்கே சனம் வாழ்ந்தது மலையைக் குடைந்த பதுங்கு சுரங்கங்களில்.

இலங்கைக்கு ஸீரோ வந்த கதை 1942 ஏப்ரல் 4இல் தொடங்குகிறது. தெற்கே கொக்கலையிலிருந்து கிளம்பிய கட்டலினா கடல் விமானத்தில் இருந்த கனடா நாட்டு விமானி லெனார்ட் பேர்ச்சால் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். ஸீரோக்கள் அந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்தின. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழித்துத் திருகோணமலை.

சீனன்குடாவிலிருந்து எதிர்த்துக் கிளம்பியவற்றில் முக்கியமானவை ஹரிக்கேன்கள். ஹோக்கர் கம்பனிக்காக சிட்னி காம் என்ற ஆங்கிலேயர் வரைந்த விமானம். இரும்புக் குழாய், மரம், துணி கொண்டு செய்த முரட்டு உடம்பு. வெறும் எடை இரண்டரைத் தொன்னுக்கு மேல். ஸீரோவின் வெறும் எடை ஏறக்குறைய 1,700 கிலோ. வேறுபாட்டின் ஒரு பகுதி விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஹரிக்கேனில் அங்கே இரும்புக் கவசத் தகடு உண்டு. ஸீரோவில் இல்லை. சூடு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தாங்கியும் ஸீரோவில் இல்லை. ஹொரிகோஷி மறந்துபோய் விட்டவை அல்ல இவை. கடற்படையின் பட்டியலில் அவை இல்லை. சேர்த்தால் பாரம் கூடும், தூரம் குறையும். தூரமும் வேகமும் வேண்டுமென்றால் உள்ளே இருப்பவனின் உயிரில்தான் கழிக்க வேண்டியிருந்தது.

அன்று காலை அந்தக் கணக்கு ஜப்பானுக்குச் சாதகமாக இருந்தது. எட்டு ஹரிக்கேன்கள் இழக்கப்பட்டன. தப்புவதற்காக முதல்நாளே துறைமுகத்திலிருந்து வெளியேறிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை, அயிச்சி கம்பனி செய்த விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. அந்தக் கப்பலோடு 307 பேர் இறந்தார்கள்.

அதே வருடம் ஜூனில் கணக்குத் திரும்பியது. வடக்கே அலூசியன் தீவுகளில் ஒரு ஸீரோ அதிகம் சேதமில்லாமல் அமெரிக்கர் கையில் சிக்கியது. திருத்திப் பறந்து பார்த்தார்கள். அதன் பலவீனங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு வந்த அமெரிக்க விமானங்களின் முன்னால் ஸீரோக்கள் தீக்குச்சிபோலப் பற்றின. 1944 ஒக்ரோபரிலிருந்து 250 கிலோ குண்டைக் கட்டி, விமானியோடு சேர்த்துக் கப்பல்களில் மோத அனுப்பினார்கள். ஆணிக்கும் கணக்குப் பார்த்துச் செய்த விமானம், திரும்பி வரத் தேவையில்லாத விமானமாயிற்று.

ஹொரிகோஷி போரை விரும்பியவராகத் தெரியவில்லை. அமெரிக்கத் தொழிற்சாலைகளை நேரில் பார்த்தவர். இந்தப் போரில் வெல்ல முடியாது என்று ஆரம்பத்திலேயே எண்ணியதாகவும், ஆட்சியாளர்கள் நாட்டை அழிவுக்கு இழுத்துச் சென்றார்கள் என்றும் பின்னாளில் எழுதினார். ஆனாலும் வரைவதை நிறுத்தவில்லை. ஸீரோவுக்குப் பிறகு ரைடென், ரெப்பு என்று இன்னும் இரண்டு சண்டை விமானங்களை வரைந்தார்.

1944 டிசம்பரில் போர் அவருடைய மேசைக்கே வந்தது. 7ஆம் திகதி நிலநடுக்கம் நகோயாத் தொழிற்சாலையை இடித்தது. 18ஆம் திகதி போயிங் கம்பனியின் பி-29 விமானங்கள் வந்து குண்டு போட்டன. சோங்சிங்கும் திருகோணமலையும் கேட்ட சத்தத்தை, விமானம் வரைந்தவரும் கீழே இருந்து கேட்டார். வேலை சிதறி மலைப்பக்கமுள்ள மட்சுமோட்டோவுக்கு இடம்பெயர்ந்தது. அவர் நோயில் விழுந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார்.

அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்களில் ஆறு பேர் கொரியச் சிறுமிகள். படிக்கலாம், சம்பளம் கிடைக்கும் என்று சொல்லிக் கொரியாவிலிருந்து ஏறக்குறைய 300 பிள்ளைகளைக் கூட்டிவந்து, அந்தத் தொழிற்சாலையில் விமானப் பாகங்களுக்கு வர்ணம் பூசவும் தகடு வெட்டவும் விட்டிருந்தார்கள். பலருக்கு வயது 13, 14. சம்பளம் கிடைக்கவேயில்லை. உயிரோடு திரும்பியவர்கள் கிழவிகளாகி வழக்காடினார்கள். ஜப்பானில் தோற்றார்கள். விடவில்லை. 2018 நவம்பர் 29இல் தென்கொரிய உச்ச நீதிமன்றம் மிட்சுபிஷி கனரகத் தொழிற்சாலை இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விமானம் செய்தவர்களின் வாசலில் போய்க் கணக்குக் கேட்கலாம் என்பதை எனக்குக் காட்டியது அந்தக் கிழவிகள்தான்.

போர் முடிந்து 1952 வரை ஜப்பான் விமானம் செய்யத் தடை இருந்தது. நகஜிமா உடைந்து, அதன் வழிவந்த கம்பனி சுபாரு கார் செய்தது. ஹொரிகோஷி, வைஎஸ்-11 என்ற பயணிகள் விமானத்தின் ஆரம்ப வடிவமைப்பில் சேர்ந்தார். அது 1962இல் பறந்தது. பல்கலைக்கழகங்களில் படிப்பித்தார். ஸீரோவைப் பற்றி நூல்கள் எழுதினார். 1982 ஜனவரி 11இல் தமது 78வது வயதில் டோக்கியோவில் காலமானார். 2013இல் மியாசாக்கி ஹயாவோ அவரை மையமாக வைத்து ஓர் அசைவூட்டப் படமும் எடுத்தார். அழகான படம். காற்று, மேகம், கனவு எல்லாம் அதில் இருக்கின்றன.

அந்தப் படத்தைப் பார்த்து முடித்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை. 2006 ஏப்ரல் 25 நினைவுக்கு வந்தது. அன்று கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் சம்பூர்ப் பக்கம் விமானங்கள் குண்டு வீசின. எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மம்மா படுக்கையிலிருந்து எழும்பி, பாயைச் சுருட்டத் தொடங்கினார். எங்கே போகப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. 64 வருடங்களுக்கு முன் பழகிய வேலையைக் கை தானாகச் செய்தது.

ஹொரிகோஷியை நான் வெறுக்கவில்லை. இவ்வளவு கவனமாக வேலை செய்த ஒருவரை வெறுப்பது எளிதல்ல. ஆனால் அந்தக் கவனம் எதில் இருந்தது என்று பார்க்கிறேன். எடைக்குக் கணக்கு இருந்தது. எரிபொருளுக்கும் தூரத்துக்கும் இருந்தது. விமானியின் உயிரை அந்தக் கணக்கில் குறைத்துப் போட்டார்கள். கீழே பாயைச் சுருட்டுகிறவருக்கு அதில் இடமே இருக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே பறந்தவற்றையும் யாரோ இப்படித்தான் கணக்குப் பார்த்து வரைந்திருப்பார்கள். ஓட்டியவர்களையும் ஏவியவர்களையும் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வரைந்தவர்களையும் விற்றவர்களையும் பற்றி இன்னும் பேசத் தொடங்கவில்லை.

இப்போது சீனன்குடாவுக்குச் சுற்றுலாப் பயணிகளோடு சிறு விமானங்கள் வருகின்றன. அக்காவின் மகன் முற்றத்துக்கு ஓடிவந்து கை காட்டுவான். கொடியில் உடுப்புக் காயப்போடும் அம்மா கையை நிறுத்திவிட்டு, சத்தம் முழுதாகப் போகும்வரை நிற்பார். பிறகுதான் அடுத்த உடுப்பை எடுப்பார்.