முத்துக்குளித்துறை கண்ட அண்டிரிக் அடிகளார்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் என்னும் ஊர் உளது. தமிழை முதன்முதல் தமிழ் எழுத்திலேயே அச்சேற்றிய பெரியார், தம் வாழ்வின் பெரும்பகுதியை அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த முத்துக்குளித்துறையிலுமே கழித்தார். அவரே அண்டிரிக் அடிகளார் எனப்பெறும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்.

போர்ச்சுகல் நாட்டு வில்லா விசோசாவில் 1520இல் பிறந்தவர் அடிகளார். அவருடைய முன்னோர் யூதர். அந்த ஒரே காரணத்தால், அவர் முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கு சபையிலிருந்து விலக நேர்ந்தது. அறிவிலோ ஒழுக்கத்திலோ எவரும் குறை கண்டிலர்; பிறப்பு ஒன்றே குறையாயிற்று. இளைஞர்களே, பிறப்பைக் கேட்டுக் கதவை அடைக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இயேசு சபை 1545இல் அவரை ஏற்றது. மறு ஆண்டு கோவாவில் இறங்கினார்; 1547இல் இக்கரைக்கு வந்தார்.

அக்காலத்தில் இக்கரையில் வேதம் எவ்வாறு சொல்லப்பட்டது? பரதவ மக்கள் 1530களிலேயே திருமுழுக்குப் பெற்றுவிட்டனர். ஆனால் கற்பிப்போர் இலர். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் துபாஷிகளின் துணையால் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். பேருழைப்புத்தான். ஆயினும் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்திருந்தது. பிற்பாடு சவேரியாரே அதனைக் கண்டு திருத்தினார். நம்புகிறேன் என்பதற்குப் பதில் எனக்கு வேண்டும் என்று ஊரே நாள்தோறும் ஓதினால் எப்படியிருக்கும்! பூசையைக் குறிக்கும் மிசா என்ற சொல்லோ தமிழர் காதில் மீசை என்று விழுந்தது.

அண்டிரிக் அடிகளார் துபாஷியை விட்டொழிக்கத் துணிந்தார். இரவு பகலாகத் தமிழ் பயின்றார். தமக்குப் பின் வருவோர்க்கென்று போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணமும் எழுதினார். பின்னர்ச் சொற்களைத் தெரிந்தெடுக்கத் தொடங்கினார். சைவர் தம் இறைவனையும் மடத்துத் துறவியரையும் அழைத்த தம்பிரான் என்னும் சொல்லைக் கடவுளுக்கு இட்டார்.  ஆனால் எல்லாவற்றையும் அப்படி மாற்றிவிடவில்லை. தூய ஆவிக்கு இஸ்பிரித்து சாந்து, சிலுவைக்குக் குருசு என்று போர்ச்சுகீசியச் சொற்களையே நிறுத்தினார். ஊர்ச்சொல் பழைய பொருளையும் உடன் இழுத்து வரும் என்று ஐயுற்ற இடங்களில் அயற்சொல்லே இருக்கட்டும் என்று விட்டார் போலும். மக்கள் வழக்குக்கு எவ்வளவு இடங்கொடுப்பது, வேதத்தின் பொருளை எங்கே விட்டுக்கொடாமல் நிற்பது என்னும் கணக்கு அது. குருசடி என்னும் சொல் இன்றும் நம் கடற்கரையில் வழங்குகின்றது.

1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்கள் கடலில் மூச்சடக்கி மூழ்கிப் பிழைத்த பரதவ மக்களே. 1586இல் வந்த அடியார் வரலாறு 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். புனிதர்களின் கதைகளை உரைநடையில் கூறுவது. கதை கேட்டு வளர்ந்த மக்களுக்குக் கதையாகவே வேதத்தைக் கொடுத்தார். புலவர்கள் முகஞ்சுளிப்பர்; அந்நூல்களில் புள்ளியில்லா மெய்யும் பேச்சு வழக்கும் மிகுதி. ஆனால் வலை பின்னுவோரும் சங்கு குளிப்போரும் பேசிய தமிழ் முதன்முதலாக மையேறியது அங்கேதான். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் உயர்குடியினரை நாடி வடசொற்களை மிகுதியும் ஆண்டார். அது வேறு வழி. எனக்கு அடிகளாரின் வழியே உவப்பானது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நற்செய்திக் கூட்டத்திற்கு எம் பள்ளி மாணவர் சிலரோடு சென்றிருந்தேன். பேசியவர் திரைப்பட மெட்டிலேயே பாதி உரையைப் பாடினார். கைதட்டல் வானைப் பிளந்தது. எடுத்துக்கொண்ட வேத வசனம் யாதென்று திரும்பும் வழியில் வினவினேன். ஒருவனுக்கும் நினைவில்லை, மெட்டு மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. அடிகளாரும் மக்கள் விரும்பியதையே கையாண்டார். எனினும் கேட்டவன் வீடு திரும்பும்போது எதனைக் கொண்டு செல்வான் என்று எண்ணிப் பார்த்தே ஒவ்வொரு சொல்லையும் வைத்தார்.

ஒன்றை மறைத்தல் முறையன்று. அடிகளாரின் பணி பெரும்பாலும் கடற்கரையோடு நின்றது. ஏட்டையும் எழுத்தையும் நெருங்கவிடாது தடுக்கப்பட்டிருந்த உள்நாட்டுச் சேரிகளுக்கு அச்சுப் புத்தகம் வந்து சேர மேலும் பல தலைமுறைகள் ஆயின. நம் பாட்டனார் பெயரெழுதக் கற்றதே நேற்றைய கதை.

1600ஆம் ஆண்டு பிப்ரவரியில் புன்னைக்காயலில் அடிகளார் மறைந்தார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது. அடியார் வரலாறு 1967இல் ச. இராசமாணிக்கம் அடிகளால் தூத்துக்குடியில் மறுபதிப்புப் பெற்றது. தம்பிரான் வணக்கத்தின் ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றது.