ஓரணாச் சிற்றுண்டியும் அரசின் கடமையும்

கீழ்க்கட்டளையில் காலை நடைப்பயிற்சியின்போது அரசுத் தொடக்கப் பள்ளியிலிருந்து உப்புமா மணம் வருகிறது. அரசு எதற்கு என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் ஹாப்ஸையும் ஆடம் ஸ்மித்தையும் துணைக்கு அழைத்தவன் நான். பிட்டி தியாகராயரை அழைத்திருக்கலாம்.

1852இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற செல்வர். 1882 முதல் நாற்பதாண்டுகள் மாநகராட்சி உறுப்பினர். 1916இல் டி.எம். நாயர், நடேசனார் ஆகியோருடன் பின்னாளில் நீதிக்கட்சி எனப்பட்ட அமைப்பைத் தொடங்கினார். 1920 தேர்தலில் கட்சி வென்றபோது, தேடிவந்த முதலமைச்சர் பதவியை ஏற்க மறுத்தார். (தி.நகரில் பட்டுப் பைகளுடன் திரும்புவோரில் எத்தனை பேர் அந்தத் ‘தி’யை அறிவர்?)

அதே ஆண்டு செப்டம்பரில், மாநகராட்சித் தலைவராக இருந்த அவர் முன்னின்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத சிற்றுண்டி. பசித்த பிள்ளைக்குக் கட்டணமில்லாப் பள்ளியும் எட்டாத பண்டமே. அப்பசியைத் தீர்ப்பதால் எந்த வணிகருக்கும் ஆதாயமில்லை. நாட்டுக்கோ பெரும் ஆதாயம். அங்கேதான் அரசுக்கு வேலை இருக்கிறது. திட்டம் மேலும் சில பள்ளிகளுக்கு விரிந்தது, சேர்க்கையும் பெருகியது.

தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு இசையவில்லை. எழுத்து அரசின் பொறுப்பு, பசி வீட்டின் பொறுப்பு என்று பிரித்த கணக்கு அது. 1925 ஏப்ரல் 1இல் திட்டம் நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார்.

மாநிலமெங்கும் மதிய உணவு வர, காமராசர் ஆட்சியின் 1956 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பந்தியில் உண்டு படித்தவர்களில் நானும் ஒருவன்.