டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

மூலிகைச் சாற்றினை வடித்தெடுத்து, பழைய மருந்துகளுக்கு அடங்காத நுண்கிருமிகளை அது அடக்குமா என்று சோதிக்கும் முயற்சி இந்நாளிற் பல கல்லூரிகளில் நடைபெறுகின்றது. திருநின்றவூர் வேலியோரங்களில் மண்டிக்கிடக்கும் குப்பைமேனியும் சோதனைக்குரிய பொருளாயிற்று. இத்துறையிற் புகுவோர் அறியத்தக்க வாழ்வொன்று உண்டு. அதனைச் சுருங்கக் கூறுவாம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு, காந்தியடிகளின் அழைப்பினை ஏற்றுக் கதராடையுடன் அறுவைச் சாலையிற் புகுந்தார். ஆங்கிலப் பேராசிரியர் அதனைப் பொறாராயினார். விளைவு யாது? எழுத்துத் தேர்வுகளில் நன்கு செய்திருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. அரசாங்க மருத்துவப் பணியும் வாய்க்கவில்லை.

இந்நிலையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் விரிவுரையாளராக அமர்ந்தார். இலையும் வேரும் நோய் தீர்ப்பதை ஆங்குக் கண்டார். ஆயின் அவற்றுள் எப்பொருள் தீர்க்கின்றது, எவ்வாறு தீர்க்கின்றது என்னும் வினாக்கள் அவர் உள்ளத்தை விட்டகலவில்லை. ஸ்ப்ரூ என்னும் கொடிய கழிச்சல் நோய்க்குத் தம் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தவர் அவர். ஆதலின் அவ்வினாக்கள் அவருக்கு வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. கைப்பொருள் இன்மையால் நெஞ்சகத்தே கோயில் எடுத்த பூசலாரைத் திருநின்றவூர் நன்கறியும். சுப்பாராவும் ஆய்வுச்சாலை வாய்க்குமுன் அதனைத் தம் நெஞ்சிலேயே எழுப்பினார் எனலாம்.

1922-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். வயிற்றுப் பிழைப்பிற்காக மருத்துவமனையொன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைக் கழுவும் பணியும் செய்தார். ஃபிஸ்கே என்பாருடன் கூடி, உடலிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். உடலுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் இருவரும் ஆராய்ந்து கண்டனர்.

1940-இல் லெடர்லி ஆய்வுச்சாலையிற் சேர்ந்தபின் அவர் கனவுகள் ஒவ்வொன்றாய்ப் பலித்தன. அவர்தம் குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கினர். சகோதரரை மாய்த்த ஸ்ப்ரூ நோய்க்கே அது மருந்தாயிற்று! யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசானும் அவர் தலைமையில் தோன்றியதே. அவர் ஊக்கத்தின்கீழ், முதியவரான டக்கர், மிசௌரி மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றினின்று பொன்னிறப் பொருளொன்றைக் கண்டார். ஆரியோமைசின் எனப் பெயர்பெற்ற அம்மருந்து 1948-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. பெனிசிலினுக்கு வசமாகாத கிருமிகள் பலவற்றை அது வென்றது. டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளுள் முதலாவது அதுவே. 1994-இல் சூரத்து நகரிற் கொள்ளைநோய் தோன்றியபோது கைகொடுத்ததும் அவ்வினமே.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, தம் 53-ஆம் வயதில், தாய்நாட்டிற்குத் திரும்பாமலே சுப்பாராவ் காலமானார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை; அவர் ஆக்கிய மருந்தை உண்டோர் அவர் பெயரையும் அறியார்.

போர் அத்துடன் முடிந்ததோ? இல்லை. டெட்ராசைக்ளினுக்கு அடங்காத சீதபேதிக் கிருமி 1953-இலேயே காணப்பட்டது. ஆதலின் புதுமருந்து தேடும் பணி ஓயாது. ஒன்றை மட்டும் நாம் மறத்தலாகாது. கண்ணாடித் தட்டிலே சாறு இட்ட இடத்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தோன்றியமட்டில் மருந்து பிறந்துவிடாது. அச்சாற்றினுள் வினைபுரியும் பொருளைப் பிரித்தல் வேண்டும். அளவு காணல் வேண்டும். அது உடலுக்குத் தீங்கு செய்யாமை தெளிதல் வேண்டும். ஆயுர்வேதக் கல்லூரியில் எழுந்த வினாவை இருபத்தைந்து ஆண்டுகள் விடாது பற்றிநின்ற அப்பெரியாரின் பொறுமை, பட்டம் மறுக்கப்பட்டோர்க்கும் தேர்வில் தவறினோர்க்கும் கைவிளக்காகும்.