ஜூன் 15: ஊட்டியை உருவாக்கியவருக்கும் மலை ரயிலுக்கும் ஒரே நாள்ல பர்த்டே!

ஊட்டி ட்ரிப்னாலே மலை ரயில் செல்ஃபி கட்டாயம் இருக்கும். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை திறக்கப்பட்டது 1899 ஜூன் 15-ல். அதே ஜூன் 15-ல்தான், 111 வருஷம் முன்னாடி, 1788-ல் லண்டனில் பிறந்தார் ஜான் சல்லிவன்.

கோவை கலெக்டரான சல்லிவன், 1819 ஜனவரியில் மலையேறினார். ரோடு கிடையாது, காடுதான். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். அது இப்போ மியூசியம். அப்புறம் ஊட்டியில் கல் பங்களா. இன்னிக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள்ள இருக்கு. நாம போட்டிங் போற ஏரியும் ஓடைகளைத் தடுத்து அவர் உருவாக்கியதுதான்.

அதுக்காக அவரை ஊட்டியைக் 'கண்டுபிடிச்சவர்'னு சொல்றது கொஞ்சம் ஓவர். தோடர், கோத்தர், படுகர் எல்லாரும் பல தலைமுறையா அங்கேயே வாழ்ந்துட்டிருந்தாங்க. சல்லிவனுக்கும் அது தெரியும். நிலம் தோடர்களுக்குச் சொந்தம், எடுத்தா உரிய பணம் கொடுக்கணும்னு கம்பெனி அதிகாரிகளோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டினார். இத்தனைக்கும் அவரே அங்கே ஏகப்பட்ட நிலம் வாங்கியவர்!

1838-ல் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அடுத்தடுத்து இறந்துபோனாங்க. ரெண்டு பேரையும் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் புதைச்சாங்க. 1841-ல் மலையிறங்கி இங்கிலாந்து போன சல்லிவன், 1855-ல் அங்கேயே காலமானார். குன்னூருக்கு ரயில் வர இன்னும் 44 வருஷம் இருந்தது.

மனைவியும் மகளும் ஊட்டியில. அவர் கல்லறை மட்டும் இங்கிலாந்துல.