அசல் எது? நகல் எது?
ஓவியர் இராஜா ரவி வர்மாவின் வாழ்க்கை



உங்கள் வீட்டுச் சாமி மேடையைச் சற்று நினைத்துப் பாருங்கள். தாமரையில் நிற்கும் இலட்சுமி. பாறைமேல் அமர்ந்து வீணை மீட்டும் சரசுவதி, பக்கத்தில் ஒரு மயில். தாத்தா பாட்டி காலத்தில் லயத்து வீட்டுச் சுவரிலும் இந்த முகங்கள்தாம். சாமின்னா இப்படித்தான் இருக்கும் என்று நாமும் நம்பி வளர்ந்தோம். ஆனால், இந்த முகங்களை முதலில் வரைந்தவர் யார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அவர்தான் இராஜா ரவி வர்மா. 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே கரித்துண்டை எடுத்துச் சுவரெல்லாம் கிறுக்கினார். வேறு வீடாயிருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும்! ஓவியம் அறிந்த அவருடைய மாமாவோ, அந்தக் கிறுக்கலுக்குள் இருந்த திறமையைக் கண்டுகொண்டார். 14 வயதில் பையனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் அவனை ஆதரித்தார்.

அக்காலத்தில் எண்ணெய் வண்ண ஓவியம் நம்மவர்களுக்குப் புதிது. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். அது போதாதா? ரவி வர்மா பார்த்தார், மனத்தில் வாங்கினார், தானே போட்டுப் பார்த்தார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு அவருடைய பத்து ஓவியங்கள் சென்று பரிசு பெற்றன.

ஆனாலும் அவர் ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களிலேயே தொங்கின. ஏழை எளியவர் அங்கே எப்படிப் போவார்? இதற்கு வழிகாட்டியவர் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவ ராவ். படங்களை வண்ண அச்சில் எடுத்துப் பரப்பலாம் என்று யோசனை சொன்னார். 1894-இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். இயந்திரங்கள் செர்மனியிலிருந்து வந்தன. ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால்தான் ஒரு படம் முழுமையாகும். அதன்பின் ஏழை வீட்டுக்கும் இலட்சுமி வந்தாள்!

இங்கேதான் சோதனையும் வந்தது. மற்ற அச்சகத்தார் அவர் படங்களைக் கேட்காமலே எடுத்து அச்சிட்டு விற்றார்கள். அவருக்கோ கடன் ஏறியது. அச்சகம் லோனாவ்லா அருகே மாளவ்லிக்கு மாறியது. பிறகு செர்மானியத் தொழில்நுட்பரான பிரிட்ஸ் ஷ்லைக்கருக்கு விற்கப்பட்டது. 1906 அக்டோபர் 2-ஆம் நாள் ரவி வர்மா மறைந்தார். படங்கள் மட்டும் நிற்கவில்லை. நாட்காட்டி, தீப்பெட்டிச் சீட்டு, விளம்பரம் என்று போய்க்கொண்டே இருந்தன. போகப் போக வரைந்தவர் பெயர்தான் உதிர்ந்துவிட்டது.

சரி, ரவி வர்மா மட்டும் யாரையும் பார்க்காமல் வரைந்தாரா? இல்லையே! மேல்நாட்டு முறையைக் காப்பியடித்தவர் என்று அவரையே பலர் குறை சொன்னார்கள். கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் அவர்களில் ஒருவர். குறையில் உண்மை உண்டு, முறை இரவல்தான். ஆனால், அந்த முறையில் நம் புராணக் கதைகளையும், நாடெங்கும் சுற்றிப் பார்த்த பெண்களின் முகத்தையும் புடவைக் கட்டையும் சேர்த்தாரே, அது அவருடைய சொந்தச் சரக்கு.

அவருக்குப் பின் வந்தவர்களையும் பாருங்கள். கோவில்பட்டி கொண்டையா ராஜு நாடகத் திரை வரைந்த கையால் சாமிப் படங்களைத் தீட்டினார். சிவகாசி நாட்காட்டிகளில் அவை ஊர் ஊராகப் போயின. நம் காலத்தில், 2000-க்கும் 2004-க்கும் இடையே, பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, ரவி வர்மாவின் இலட்சுமியைப் போலவே தாமே வேடமிட்டு நின்றார். கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து அதைப் படமாக்கினார். மூலம் யாருடையது என்பதை மறைக்கவில்லை. பெண்ணின் உருவத்தைப் பிறர் எப்படியெல்லாம் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நம்மையே யோசிக்க வைத்தார். அதுவும் நகல்தான், ஆனால் கேள்வி கேட்கும் நகல்!

ஆக, பார்த்து வரைவது திருட்டாகாது. எல்லாரும் அப்படித்தான் கற்றார்கள். பிறர் உழைப்பை எடுத்துக்கொண்டு, தன்னுடையதாக எதையும் சேர்க்காமல், அவர் பெயரையும் அழித்துவிட்டுக் காசாக்குவதுதான் திருட்டு. கைபேசியில் ஒரு நொடியில் படத்தை எடுத்து, வெட்டி, ஒட்டி மாற்றிவிடக்கூடிய இந்நாளில் இது இன்னும் அவசியமான பாடம்.

மாணவ மணிகளே! நல்ல படத்தைக் கண்டால் தாராளமாகப் பார்த்து வரையுங்கள். அடியில், யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த தாளில் உங்கள் வீட்டு வாசலை வரையுங்கள். உங்கள் அம்மாவின் முகத்தை வரையுங்கள். கோடு கோணினால் கோணட்டும், பரவாயில்லை!

பெற்றோர்களே! பிள்ளை சுவரில் கிறுக்கினால், கையை ஓங்குமுன் ஒரு நிமிடம் அந்தக் கிறுக்கலைப் பாருங்கள். கிளிமானூரில் ஒரு மாமா அப்படிப் பார்த்ததால்தான், இன்று உங்கள் சாமி மேடையில் சரசுவதி வீணையோடு அமர்ந்திருக்கிறாள்.